சனிக்கிழமைப் பலகை
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா மேடையில் கம்பரைப் பற்றியோ வள்ளுவரைப் பற்றியோ பேசுவது மரபு. அவற்றில் தோய்ந்த அறிஞர்கள் எனக்கு முன்னும் பேசினார்கள்; எனக்குப் பின்னும் பேச இருக்கிறார்கள். செயலாளர் அவர்கள் என்னிடம், "உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். நன்றாகத் தெரிந்தது என்று நான் சொல்லிக்கொள்ளக் கூடியது ஒன்றே ஒன்றுதான். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக, சனிக்கிழமை மாலைதோறும் நண்பர் சிலருடன் அமர்ந்து தாயமும் ஆடுபுலியும் ஆடி வருகிறேன். "இதுவும் ஒரு பொருளா?" என்று சிலர் புன்னகை புரிவது தெரிகிறது. நல்லது; புன்னகையோடே கேளுங்கள்.

ஆட்டம் என்றதும் அறிஞர் சிலருக்குச் சூதின் நினைவு வரும். வள்ளுவர் பெருமான் சூதினைக் கடிவதற்கென்றே 94ஆம் அதிகாரத்தை வகுத்தார். பாரதத்தில் ஒரு நாட்டையே பகடை விழுங்கிற்று. ஆனால் பொருளைப் பணயம் வைப்பது வேறு. பொழுதை நண்பரோடு பகிர்வது வேறு. எங்கள் பலகையில் ஒரு காசும் வைத்து ஆடியதில்லை. தோற்றவர் எல்லோருக்கும் காப்பி கலந்து தர வேண்டும் என்பதே எங்கள் தண்டனைச் சட்டம்.

ஆட்டப் பலகை தமிழனுக்குப் புதியதும் அன்று. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில், 'வல்' என்னும் சொல் 'நாய்', 'பலகை' என்னும் சொற்களோடு புணரும் முறையைக் கூறுகிறார். அங்கே நாய் என்றது வாசலில் குரைக்கும் நாயை அன்று, ஆட்டத்திற்குரிய காயை. ஒரு விளையாட்டின் காய்க்கும் பலகைக்கும் இலக்கணம் கூற நேர்ந்தது என்றால், அவ்விளையாட்டு மக்கள் நாவில் எவ்வளவு வழங்கியிருக்க வேண்டும்! நம் காலத்தில், கீழடியில் மண்ணை அகழ்ந்தபோது பகடைகளும் ஆட்டக் காய்களும் கிடைத்தன. வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழிப்பதற்காக நம் பாட்டிமார் பரமபதப் படத்தை விரித்தார்கள். பதினான்கு குழிகளை உடைய பல்லாங்குழிப் பலகையை மகளுக்குச் சீர்வரிசையோடு அனுப்பினார்கள். புகுந்த வீட்டில் பேசத் துணையில்லாத பெண்ணுக்கு, எதிரே ஒருத்தியை அழைத்து அமர்த்திக்கொள்ள அது ஒரு காரணமாயிற்று. இந்தக் கடைசிச் செய்தியைச் சிறிது நினைவில் வையுங்கள். பின்னர் அதற்கு வருகிறேன்.

எங்கள் குழு தொடங்கிய கதையைச் சொல்லுகிறேன். 1982ஆம் ஆண்டு. இந்நகரம் அப்போது கல்கத்தா. கொல்கத்தா என்னும் பெயர் 2001இல்தான் வந்தது. அந்நாளில் இங்கே மின்சாரம் என்பது விருந்தாளியைப் போல. எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேக் மார்க்கெட்டுக்கு அருகே ஒரு பழைய வீட்டின் கீழ்த்தளத்தில் நான் குடியிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை விளக்கு அணைந்தது. பேசிக்கொண்டிருந்த நண்பர் மூவரும் எழுந்து செல்லவும் இயலாமல், புழுக்கத்தில் உட்கார்ந்திருக்கவும் இயலாமல் தவித்தார்கள். கோவை நண்பர் அரிக்கேன் விளக்கை ஏற்றினார். தஞ்சை நண்பர் சாக்குக்கட்டியை எடுத்துச் சிவப்புச் சிமிட்டித் தரையில் தாயக்கட்டம் வரைந்தார். நெல்லை நண்பர் புளியங்கொட்டைகளை வாசற்படியில் தேய்த்து ஒரு பக்கத்தை வெண்மையாக்கினார். இரண்டு மணி நேரம் கழித்து விளக்கு வந்தது. "அணைத்துவிடுங்கள், ஆட்டம் முடியட்டும்" என்று ஒருவர் சொன்னார். அன்று தொடங்கியதுதான் எங்கள் சனிக்கிழமை. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனவர் பித்தளைத் தாயக்கட்டைகள் கொண்டுவந்தார்.

மேல்தளத்தில் ஓய்வுபெற்ற வங்காள ஆசிரியர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரை மாஸ்டர் மஷாய் என்று அழைப்போம். ஒரு நாள் நாங்கள் ஆடுபுலி ஆடுவதைப் படிக்கட்டில் நின்று பார்த்தவர், "இது எங்கள் பாக்பந்தி அல்லவா?" என்றார். புலியை அடைத்து வைப்பது என்பது அப்பெயரின் பொருள். கட்டம் வேறு, கருத்து ஒன்றே. நேபாளத்தார் அதனையே நான்கு புலியும் இருபது ஆடுமாகப் பாக்சால் என்று ஆடுகிறார்கள். நம் பல்லாங்குழியைக் கன்னடர் அளிகுளி மணை என்கிறார்கள். தெலுங்கர் வாமன குண்டலு என்கிறார்கள். மொழி தெரியாத ஊரில் நமக்கு முதலில் விளங்கிய வங்காள மொழி, ஆட்டப் பலகையின் மொழியே என்று நான் வேடிக்கையாகச் சொல்வது உண்டு. அன்று முதல் மாஸ்டர் மஷாய் எங்கள் ஆட்டத்துக்கு நடுவராக அமர்ந்தார்.

நடுவர் இருந்தும் சண்டை வந்தது. தாயத்தில் எதிரியின் காயை ஒரு முறையேனும் வெட்டினால்தான் நம் காய் உட்கட்டத்துக்குள் போகலாம் என்பது தஞ்சை நண்பர் ஊர் வழக்கம். வெட்டாமலே உள்ளே போய்ப் பழம் எடுக்கலாம் என்பது நெல்லை நண்பர் ஊர் வழக்கம். 1987ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கடைசிக் காய் உள்ளே நுழையும் நேரத்தில் இந்த வழக்கு எழுந்தது. "எங்கள் ஊரில் இப்படி இல்லை" என்றார் ஒருவர். "அப்படியானால் உங்கள் ஊரிலேயே போய் ஆடுங்கள்" என்றார் மற்றவர். ஆயிரம் மைல் தொலைவில், ஊரை நினைத்து ஏங்கிக்கொண்டிருப்பவனிடம் சொல்லக் கூடாத சொல் அது. நெல்லை நண்பர் செருப்பை மாட்டிக்கொண்டு மழையில் இறங்கி நடந்தார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. நாங்கள் என்ன செய்தோம்? நான்காம் இடத்தில் வேறோர் இளைஞரை அமர்த்தி ஆட்டத்தைத் தொடர்ந்தோம்.

மூன்று மாதம் சென்றது. பூஜை விடுமுறை வந்தது. விசயதசமி கழிந்ததும் வங்காளத்தார் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் சென்று பெரியோரை வணங்கி இனிப்பு உண்பது வழக்கம். எங்கள் நெல்லை நண்பர் ஆண்டுதோறும் மாஸ்டர் மஷாயை வணங்க வருவார். அவ்வாண்டு வரவில்லை. கிழவர் இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் சந்தேஷ் பொட்டலம் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு டிராம் ஏறிப் பௌபஜாருக்குப் போனார். அங்கே ஒரு மெஸ் வீட்டில்தான் அந்த நண்பர் தனியறையில் தங்கியிருந்தார். விடுமுறைக்கு எல்லோரும் ஊர் போய்விட்டார்கள். சமையற்காரரும் போய்விட்டார். உள்ளே மலேரியாக் காய்ச்சலில் நினைவு தப்பும் நிலையில் அவர் கிடந்தார். நான்கு நாளாக ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. குடத்தில் தண்ணீரும் தீர்ந்திருந்தது.

மருத்துவமனையில் சேர்த்த பிறகு மாஸ்டர் மஷாய் எங்களிடம் வந்தார். அவர் கோபித்து நான் பார்த்தது அன்று ஒரு முறைதான். "நான்கு பேர் அமரும் பலகையில் ஓர் இடம் காலியானது. அந்தக் காலியிடம் மூன்று மாதமாக உங்களைக் கேள்வி கேட்டிருக்க வேண்டும். நீங்கள் வேறோர் ஆளை உட்கார்த்தி அதன் வாயை அடைத்துவிட்டீர்களே!" என்றார். நாங்கள் தலை குனிந்தோம்.

நண்பர் பிழைத்தெழுந்தார். எலும்பும் தோலுமாய் அவர் மீண்டும் வந்த சனிக்கிழமையன்று, தஞ்சை நண்பர் எழுந்து தாயக்கட்டைகளை அவர் கையில் வைத்து, "வெட்டாமலே பழம் எடுக்கலாம், ஐயா. உங்கள் ஊர் வழக்கப்படியே ஆடுவோம்" என்றார். மற்றவரோ, "வேண்டாம், உங்களை வெட்டிவிட்டே எடுக்கிறேன்" என்றார். அன்று சிரித்த சிரிப்பில் எங்கள் கண்களெல்லாம் நனைந்தன.

அன்றே ஒரு குறிப்பேடு வாங்கி விதிகளை எழுதினோம். மாதத்தின் முதற் சனிக்கிழமை நெல்லை வழக்கு, அடுத்தது தஞ்சை வழக்கு, அடுத்தது கோவை வழக்கு, அடுத்தது என் மதுரை வழக்கு. ஐந்தாம் சனிக்கிழமை வந்தால் மாஸ்டர் மஷாயின் பாக்பந்தி. இவற்றுக்கெல்லாம் மேலே முதல் விதியாக ஒன்று எழுதினோம்: சொல்லாமல் ஒருவர் வராதிருந்தால், அன்று ஆட்டம் இல்லை, மற்றவர் எல்லோரும் எழுந்து அவர் வீட்டுக்குப் போக வேண்டும். இத்தனை ஆண்டுகளில் பல முறை அவ்வாறு போயிருக்கிறோம். பெரும்பாலும் அவர் நன்றாக உறங்கிக்கொண்டிருப்பார், திட்டுவார், பிறகு காப்பி கொடுப்பார். இரண்டு முறை மட்டும் நாங்கள் போனது உயிரைக் காத்தது. அந்த இரண்டுக்காகப் பல முறை திட்டு வாங்கலாம் அன்றோ?

அன்பர்களே! ஆட்டம் தானாகவே நன்மை தரும் என்று நான் கூறவில்லை. பிரேம்சந்த் 1924இல் எழுதிய சதுரங்க ஆட்டக்காரர் கதையை நம் நகரத்துச் சத்யஜித் ராய் 1977இல் படமாக்கினார். 1856இல் ஆங்கிலேயர் அவத் நாட்டைக் கைக்கொள்ளும்போது, இலட்சுமணபுரிப் பிரபுக்கள் இருவர் சதுரங்கத்திலேயே மூழ்கிக் கிடக்கிறார்கள். பிரேம்சந்தின் கதை முடிவில், நாட்டுக்காக வாளெடுக்காதவர்கள் ஆட்டத்துக்காக வாளெடுத்து ஒருவரையொருவர் மாய்த்துக்கொள்கிறார்கள். ஆளை மறக்கச் செய்யும் ஆட்டமும் உண்டு. ஆளை நினைக்கச் செய்யும் ஆட்டமும் உண்டு. காய் இரண்டிலும் ஒன்றே. வேறுபாடு நம் நெஞ்சில் இருக்கிறது.

2020இல் ஊரடங்கின்போது கைப்பேசியில் லூடோ ஆடாத வீடு இல்லை. நாங்களும் ஆடினோம், அந்த இருண்ட நாளில் அது ஆறுதலாகவே இருந்தது. ஆயினும் ஒன்று கண்டேன். கைப்பேசி ஆட்டத்தில் இடம் காலியாவதே இல்லை. ஒருவர் எழுந்தால் முன்பின் அறியாத ஒருவர் வந்து அமர்கிறார். அவரும் இல்லையேல் எந்திரமே அமர்ந்து ஆடுகிறது. ஆட்டம் தடையின்றி நடக்கிறது. எழுந்து போனவர் என்ன ஆனார் என்று கேட்பார் இல்லை. நாங்கள் 1987இல் செய்த பிழையை எந்திரம் நொடிதோறும் செய்கிறது.

இனி ஆடுபுலிக்கு வருகிறேன். மூன்று புலி, பதினைந்து ஆடு. பலம் முழுதும் புலிக்கே. ஆட்டுக்குத் தாவவும் தெரியாது, கொல்லவும் தெரியாது. ஆயினும் நன்றாக ஆடத் தெரிந்தவர் கையில் ஆடே புலியை அடைத்துவிடும். எப்படி? புலி ஓர் ஆட்டைத் தாவ வேண்டுமானால், அந்த ஆட்டுக்குப் பின்னே உள்ள புள்ளி காலியாக இருக்க வேண்டும். பின்னே மற்றோர் ஆடு நின்றால் புலி ஒன்றும் செய்ய இயலாது. முன்னே நிற்கும் ஆட்டின் வீரம் அன்று, பின்னே நிற்கும் ஆட்டின் இருப்பே அதனைக் காக்கிறது.

பெருநகரத்தில் பிழைக்க வந்த நாம் எல்லோரும் ஆடுகளே. நோய் ஒரு புலி, முதுமை ஒரு புலி, தனிமை ஒரு புலி. நம் பிள்ளைகள் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்டார்கள். நம் தெருக்களிலேயே கதவைச் சாத்திக்கொண்டு தனியே வாழும் தமிழ் முதியோர் எத்தனை பேர்? இந்த விழா அரங்கில் நூற்றுக்கணக்கானவர் கூடியிருக்கிறோம். கடந்த ஆண்டு வந்து இந்த ஆண்டு வராதவர் யார் என்று நம்மில் ஒருவராவது சொல்ல முடியுமா? நூறு பேர் கூடும் இடத்தில் ஒருவர் குறைந்தால் தெரிவதில்லை. நான்கு பேர் அமரும் பலகையில் தெரியும். சீரோடு பல்லாங்குழி அனுப்பிய நம் முன்னோர் இதனை அறிந்திருந்தார்கள்.

ஆகவே சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். நூலகத்தின் பின்னறை சனிக்கிழமை மாலையில் பூட்டிக் கிடக்கிறது. அதைத் திறந்து வையுங்கள். பாய் நான்கு, பலகை நான்கு போதும். கரியாகாட் மேம்பாலத்தின் கீழே முன்பின் அறியாதவர்கள்கூடச் சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்து நண்பராகிறார்கள். அது நமக்கு இயலாதா? தனியே வாழ்வோரின் பெயரை எழுதி, அவர்களை நால்வர் நால்வராக அமர்த்துங்கள். இளைஞர்களே, நீங்களும் வாருங்கள். தாயம் என்று கூவும்போதாவது உங்கள் வாயில் தமிழ் வரட்டும். எங்கள் குறிப்பேட்டின் முதல் விதியை அந்த அறையின் சுவரில் எழுதிவையுங்கள்.

அன்று தரையில் கட்டம் வரைந்த நால்வரில் இன்று இருவரே இருக்கிறோம். மாஸ்டர் மஷாயும் இல்லை. அவர்கள் இடங்களில் அவர்களுடைய பிள்ளைகளும், வங்காள நண்பர் ஒருவரும் அமர்கிறார்கள். இறந்தவர் இடத்தை நிரப்பலாம்; குற்றம் இல்லை. இருப்பவர் இடத்தை, அவர் எங்கே என்று கேளாமல் நிரப்புதல் ஆகாது. இதுவே நாற்பது ஆண்டு ஆட்டத்தில் நான் கற்ற பாடம்.

இன்றும் சனிக்கிழமைதான். ஏழு மணிக்குள் நான் போகவில்லையென்றால், மூவர் என்னைத் தேடி இந்த அரங்குக்கே வந்துவிடுவார்கள். ஆதலின் விடைபெறுகிறேன்.