அரை மில்லிமீற்றர் நாடியில் ஒரு கைவேலை

இந்தக் கிழமை மதிப்பிட நான் எடுத்துக்கொண்டது பாட்டும் அல்ல, கூத்தும் அல்ல. ஆய்வுகூடத்தில் ஒரு சுண்டெலியின் குருதிக்கலனை எடுத்து இன்னொரு சுண்டெலிக்குப் பொருத்துகிற சத்திரசிகிச்சை.

எங்கள் வன்னிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். வவுனியாவில், செட்டிகுளம் பக்கம், சிறுநீரக நோயோடு வாழ்கிற குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி வராது. டயாலிசிஸ் செய்கிற ஒருவரின் முன்னங்கையில் நாளம் புடைத்து நிற்கும். தொட்டால் விரலுக்கு ஒரு அதிர்வு தெரியும். பிஸ்டுலா என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். மணிக்கட்டு நாடியையும் நாளத்தையும் ஒன்றாகத் தைத்துவிடும் இந்த முறையை 1966 இல் நியூயோர்க்கில் பிரெஷியாவும் சிமினோவும் தங்கள் குழுவோடு வெளியிட்டார்கள். நாடியின் அழுத்தத்தோடு குருதி பாய்ந்ததும் நாளம் பெருக்கிறது. தடித்த ஊசி குத்த இடம் கிடைக்கிறது. (அந்தக் கையில் பிரஷர் பார்க்க விடாதீர்கள். அதிர்வு நின்றுபோனால் அடுத்த கிளினிக் வரட்டும் என்று இருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.)

இந்த இணைப்புக்கு ஒரு சாபம் உண்டு. தைத்த இடத்துக்குப் பக்கத்தில் நாளத்தின் உட்சுவர் மெல்ல மெல்லத் தடித்து வழியை அடைத்துவிடும். இதய பைபாஸுக்காகக் காலிலிருந்து எடுத்து வைக்கிற நாளத்துக்கும் இதே கதிதான். பத்து வருடத்தில் ஏறத்தாழப் பாதி அடைபட்டுப் போகின்றன. அழுத்தம் குறைந்த இடத்தில் பிறந்த நாளத்தை அழுத்தம் கூடிய இடத்தில் குடிவைத்தால் அதற்குள் என்ன நடக்கிறது? நோயாளியின் கையை வாராவாரம் வெட்டிப் பார்க்க முடியாது. அதனால்தான் சுண்டெலி.

சுண்டெலியின் எடை ஏறத்தாழ 25 கிராம். உடம்பு முழுவதிலும் இரண்டு மில்லிலீற்றர் அளவே குருதி. கழுத்து நாடியின் விட்டம் அரை மில்லிமீற்றர். சில துளி சிந்தினாலே ஆபத்து.

கலன்களைத் தைக்கும் கலையின் வேர் பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. 1894 இல் அந்நாட்டு ஜனாதிபதி சாடி கார்னோ அங்கே கத்திக்குத்துக்கு ஆளானார். வயிற்றுக்குள் அறுந்த பெரிய நாளத்தைத் தைக்க எவருக்கும் தெரியாததால் இறந்துபோனார். அலெக்சிஸ் கரெல் என்ற இளம் மருத்துவ மாணவருக்கு அது பொறுக்கவில்லை. லியோன் பட்டுக்குப் பெயர்போன ஊர். அங்கே லெருடியே என்ற பூத்தையல்காரியிடம் போய் மெல்லிய ஊசியையும் நூலையும் கையாளப் பழகினார். 1902 இல் தன் முறையை வெளியிட்டார். கலனின் வட்ட வாயில் மூன்று இடத்தில் நூலைப் போட்டு இழுத்தால் வட்டம் முக்கோணமாகிவிடும். நேர்கோட்டில் தைக்கலாம், எதிர்ச்சுவரில் ஊசி மாட்டாது. 1912 இல் நோபல் பரிசு கிடைத்தது. பிற்காலத்தில் மனித இனத்தைத் தரம்பிரிக்கும் கொடிய எண்ணங்களை எழுதியவரும் இவர்தான். கையை வியக்கிறவர்கள் தலையையும் வியக்க வேண்டும் என்றில்லை.

சுண்டெலியில் தைப்பதென்றால் நுணுக்குக்காட்டி வேண்டும். 1960 இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்கர் மிகச் சிறிய கலன்களை நுணுக்குக்காட்டிக்குக் கீழே தைத்துக் காட்டிய பிறகுதான் இந்த வாசல் திறந்தது. நைலோன் நூல் தலைமயிரை விட மெல்லியது. வயிற்றுப் பெருநாடியில் ஒரு துண்டு வைப்பதற்குள் குருதியை நிறுத்தும் கவ்வி அதிக நேரம் கிடந்தால் பின்னங்கால்கள் செயலிழந்துவிடும். உட்சுவரை இடுக்கியால் பிடிக்கவே கூடாது. வெளிச்சுவரின் நார் ஒன்று உள்ளே தொங்கினாலும் போதும், அதைப் பிடித்துக்கொண்டு குருதி கட்டியாகிவிடும். தையல் எவ்வளவு வடிவாக இருந்தாலும் உட்சுவர் காயப்பட்டிருந்தால் அது கெட்ட வேலைதான்.

இந்த இடத்தில்தான் வளைய முறை என்னைக் கவர்கிறது. 1998 இல் ஒஸ்திரியாவின் இன்ஸ்புரூக் நகர ஆய்வாளர்கள் தையலையே விட்டுவிட்டார்கள். பெறும் சுண்டெலியின் கழுத்து நாடியை நடுவில் வெட்டி, இரண்டு முனைகளையும் சின்னஞ்சிறு நைலோன் வளையங்களுக்குள்ளால் இழுத்து, வளையத்தின் மேல் வெளிப்புறமாகப் புரட்டிவிட்டு நூலால் கட்டினார்கள். பிறகு இன்னொரு சுண்டெலியின் பெருநாளத் துண்டை அந்த இரு முனைகளின் மேலும் செருகி, மறுபடி ஒரு கட்டு. தோட்டத்தில் தண்ணீர் மெசினின் வாயில் குழாயை ஏற்றி ரியூப் றப்பரால் இறுக்குகிறோமே, ஏறத்தாழ அதே வேலை. புரட்டிவிட்டதால் உட்சுவரும் உட்சுவரும் நேருக்கு நேர் தொட்டுக்கொள்கின்றன. உள்ளே ஓடும் குருதிக்கு நூலும் தெரியாது, வளையமும் தெரியாது. வளைய யோசனை பழையது. 1900 இலேயே எர்வின் பாயர் மக்னீசிய வளையங்களால் கலன்களை இணைத்துப் பார்த்திருந்தார்.

கை வித்தை என்று பார்த்தால் தையல்தான் மேல். ஆனாலும் நான் வளையத்தின் பக்கம் நிற்கிறேன். தையல் பழகுகிறவரின் கை தேறும்வரை எத்தனையோ உயிர்கள் வீணாகப் போகின்றன. வளையம் அந்தக் கணக்கைக் குறைக்கிறது. இரண்டு பேர் செய்தாலும் இணைப்பு ஒரேமாதிரி அமைகிறது. தடிப்பு கைப்பிழையால் வந்ததா, நாளத்தின் இயல்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடிகிறது. குறையும் உண்டு: வளையம் இருக்கும் முனைகளை அளவுக்கு எடுக்க முடியாது, நடுத்துண்டையே நம்ப வேண்டும். வளையம் மட்டும் பழகியவர் நாளைக்கு மனிதரின் கையில் பிஸ்டுலா தைக்கவும் முடியாது.

அந்த இன்ஸ்புரூக் வேலையில் கண்டது பயங்கரமானது. சில கலப்படைகளே கொண்ட நாளச் சுவர், 16 வாரத்தில் 18 மடங்கு தடித்திருந்தது. மனிதரில் வருடக்கணக்கில் நடப்பது இங்கே நான்கு மாதத்துக்குள் முடிந்துவிடுகிறது. குறிப்பிட்ட ஒரு மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை வளர்க்க முடிவதும் பெரிய வசதி. வெண்குருதிக் கலங்கள் சுவரில் ஒட்டிக்கொள்ள உதவும் ஒரு புரதம் இல்லாத சுண்டெலிகளில் தடிப்புக் குறைந்தது என்று அதே குழு பிறகு காட்டியது. அடைப்பில் அழற்சிக்கும் பங்குண்டு என்று அதன்பின் ஊகமாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் இந்தக் கலையிடம் எனக்கு ஒரு மனத்தாங்கல் இருந்தது. மேசையில் படுக்கும் சுண்டெலி இளசு, நோயில்லாதது. எங்கள் நோயாளிக்கோ வயது அறுபது, சிறுநீரகம் இரண்டும் பழுது, பலருக்கு நீரிழிவும் உண்டு. 2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைச் சரிசெய்தது: முதலில் சுண்டெலிக்குச் சிறுநீரகச் செயலிழப்பை உண்டாக்கி, பிறகு கழுத்து நாளத்தை நாடியோடு இணைத்தார்கள். சிறுநீரகம் கெட்ட சுண்டெலிகளில் நாளச் சுவர் இன்னும் கூடுதலாகத் தடித்தது. பிஸ்டுலா அடைபட்டவரைப் பார்த்து, கையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை என்று வீட்டாரே குறை சொல்வதுண்டு. சிறுநீரகச் செயலிழப்பும் தன் பங்குக்குச் சுவரைத் தடிக்க வைக்கிறது என்பதை அவர்களுக்குச் சொல்ல இந்த ஒரு வேலை போதும்.