தொழுவத்து விளக்குக்கு எந்தப் பெட்டி?

மடவார் வளாகம் சுற்றுவட்டாரத்தில் மாட்டுத் தொழுவத்துக்கோ தோப்புக் கொட்டகைக்கோ எல்.இ.டி. பட்டை வாங்கி நீங்களே விளக்குப் போட நினைக்கலாம். பட்டையைவிட, அதற்கு மின்சாரம் தருகிற அடாப்டர் பெட்டியைத்தான் பார்த்து வாங்கணும்.

பட்டையில் 12 வோல்ட் என்று போட்டிருந்தால் பெட்டியும் 12 வோல்ட்தான். ஆம்பியருக்குக் கணக்கு உண்டு. மீட்டருக்கு 4.8 வாட் பட்டை, 5 மீட்டர் என்றால் 24 வாட். 12-ஆல் வகுத்தால் 2 ஆம்பியர். அப்போ 2 ஆம்பியர் பெட்டியே போதுமே என்பீர்கள். விடிய விடிய எரிந்தால் அது சூடேறிக் கெட்டுவிடும். 3 ஆம்பியராக வாங்குங்கள். ஆம்பியர் கூடினால் பட்டைக்கு ஒன்றும் ஆகாது. வோல்ட் கூடினால்தான் கருகும். டிராக்டர் பேட்டரியில் நேராக மாட்டுகிறவர்கள் கவனிக்கணும்: இன்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டைத் தொடும்.

மலிவுப் பெட்டிகள் சிலவற்றில் டிரான்ஸ்பார்மரே இருக்காது. கரண்டு கம்பியின் 230 வோல்ட் பட்டை வரைக்கும் வந்து நிற்கும். ஈரத் தரையில் நிற்கிற மாடு அதை நக்கினால் என்ன ஆகும்? நமக்குச் சுருக்கென்று அடிக்கிற ஷாக்கே மாட்டைச் சாய்த்துவிடலாம். ஆகவே பி.ஐ.எஸ். முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள பெட்டியாகக் கேளுங்கள். அதையும் தொழுவத்துக்கு வெளியே, மழைச் சாரல் படாத சுவரில் மாட்டி, 12 வோல்ட் கம்பியை மட்டும் உள்ளே இழுங்கள். தூரம் அதிகமென்றால் கம்பி தடிமனாக இருக்கட்டும். மெல்லிய கம்பியில் கடைசி விளக்கு மங்கும்.