கீழாநெல்லியை எங்கே பறிப்பது?



கூலிம் தோட்டங்களில் மழை விழுந்தால் லயத்து வாசலிலும் நிரைகளிலும் கீழாநெல்லி தானே முளைக்கிறது. இலைக்குக் கீழே காய் தொங்குவதால் நாம் அப்படி அழைக்கிறோம். மலாய்க்காரர்கள் பிள்ளையைச் சுமக்கும் தாயாகக் கண்டு ‘டுக்கோங் ஆனாக்’ என்கிறார்கள். அழகான பெயர்!

காமாலைக்கு இதை வேரோடு அரைத்து மோரில் கொடுப்பது நம் வழக்கம். 1988இல் சென்னை தியாகராஜன் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், கல்லீரல் அழற்சி பி கிருமி இருந்த 37 பேரில் 22 பேருக்கு இரத்தத்தில் அதன் அடையாளம் மறைந்தது. பிற்பாடு வேறு நாடுகளில் சோதித்தபோது அப்பலன் கிட்டவில்லை. ஆகவே கண் மஞ்சளித்தால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலிச் சிறுநீரால் வரும் காய்ச்சலிலும் கண் மஞ்சளிக்கும்; அது ஆளைக் கொல்லும்.

நம் பெரிய கவலை நிரையில் பறிப்பதுதான். பராகுவாட் 2020 ஜனவரி முதல் தேதி தடையானது. வேறு களைக்கொல்லிகள் இருக்கின்றன. சில மருந்து பட்ட செடி பல நாள் பச்சையாகவே நிற்கும். அதையா நோயாளிக்கு அரைத்துக் கொடுப்பது? முற்றிய செடியை வீட்டுத் தொட்டி மண்ணில் உதறுங்கள், போதும், முளைத்துவிடும்.

மருந்தடிக்கும் நாளை நிர்வாகம் லயத்தில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும், லயத்துப் பின்புறத்தில் அடிக்கக் கூடாது. இவ்விரண்டையும் அடுத்த பேச்சுவார்த்தையில் வைக்கிறோம்.