வேட்பாளரின் வேதமும் வாக்காளரின் வினாவும்



தேர்தல் காலம் வந்துவிட்டால் கேள்விகளுக்குப் பஞ்சம் இராது. வரி ஏன் ஏறிற்று, வேலை ஏன் குறைந்தது, கட்டித் தருகிறேன் என்று சொன்ன பள்ளிக்கூடம் எங்கே என்று கேட்க வேண்டிய நாக்கு, எப்படியோ வழி தவறி, “அந்த வேட்பாளர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார்? கும்பிடப் போகும்போது உள்ளே என்ன உடுத்துகிறார்? அவரோடு மேடையில் நின்றவர் யார்?” என்று கேட்கத் தொடங்கிவிடுகிறது. முதல் வகைக் கேள்விக்குக் கணக்குத் தெரிய வேண்டும், ஏடுகளைப் புரட்ட வேண்டும். இரண்டாவது வகைக்கு வாய் ஒன்று போதும்!

அமெரிக்க நாட்டிலே இந்த இரண்டாவது வகைக் கேள்வி பலமுறை மேடை ஏறியிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

2011ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள். வாஷிங்டன் நகரிலே சமயப்பற்று மிகுந்த வாக்காளர்களின் மாநாடு. குடியரசுக் கட்சியின் வேட்பாளராக விரும்பியோரில் ஒருவர் டெக்சாஸ் கவர்னர் ரிக் பெர்ரி. அவரை மேடையிலே அறிமுகம் செய்து வைத்தவர் டல்லஸ் நகரத்துப் பாதிரியார் ராபர்ட் ஜெப்ரஸ். அறிமுகத்தை முடித்துக்கொண்டு வந்த பாதிரியார், பத்திரிகையாளரிடம் பேசினார். பெர்ரியின் போட்டியாளரான மிட் ராம்னி கிறித்தவரே அல்லர்; அவர் சார்ந்த மார்மன் சபை நெறி பிறழ்ந்த கூட்டம் – இதுதான் அவர் பேச்சின் சாரம்.

ஒரே பேச்சு, கூண்டிலே இருவர்! ‘உன் வேதம் என்ன?’ என்று ராம்னிக்குக் கேள்வி. ‘உன்னை அறிமுகம் செய்தவன் பேச்சுக்கு உன் பதில் என்ன?’ என்று பெர்ரிக்குக் கேள்வி. பாதிரியாரின் கருத்து தம் கருத்தன்று என்று பெர்ரியின் தரப்பு விலகிக்கொண்டது. கேள்வி விலகவில்லை.

யார் இந்த மார்மன்கள்? நியூயார்க் மாநிலத்திலே பால்மைரா என்ற சிற்றூர். ஜோசப் ஸ்மித் என்ற உழவர் வீட்டு இளைஞர், தேவதூதன் காட்டிய குன்றிலே பொற்றகடுகளைக் கண்டெடுத்ததாகச் சொன்னார். அவற்றை மொழிபெயர்த்தேன் என்று 1830இல் ஒரு நூலை வெளியிட்டார். யெருசலேமிலிருந்து புறப்பட்டு அமெரிக்கக் கண்டத்திலே குடியேறிய பண்டை மக்களின் வரலாறு என்பது அந்த நூலின் உரிமைக் கூற்று. அதே ஆண்டு சபையும் பிறந்தது. மதுவில்லை, புகையிலையில்லை, தேநீரும் காப்பியும்கூட இல்லை. வருவாயிலே பத்தில் ஒரு பங்கு சபைக்கு. இப்படி ஒரு கட்டுப்பாடு.

பொற்றகடா என்று நகைக்கிறார்கள். எனக்கும் அதிலே நம்பிக்கை இல்லை, ஐயா! ஆனால் நகைப்பவர் யார் என்று பார்க்க வேண்டாமா? கடல் பிளந்து வழிவிட்டது என்றும், கழுதை வாய் திறந்து பேசிற்று என்றும் நம்புகிறவர், பொற்றகட்டைப் பார்த்துப் பொய்யென்கிறார்! இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய அற்புதம் என்றால் பக்தி. இருநூறு ஆண்டுக்கு முந்தைய அற்புதம் என்றால் பரிகாசம். அற்புதத்துக்கும் வயது பார்க்கிறார்கள் போலும்!

நகைப்போடு நின்றதா? இல்லை. 1838 அக்டோபர் 27ஆம் நாள் மிசூரி மாநிலத்துக் கவர்னர் லில்பர்ன் பாக்ஸ் ஆணை பிறப்பித்தார்: மார்மன்களைப் பகைவராகக் கருத வேண்டும், ஒழிக்க வேண்டும் அல்லது மாநிலத்தை விட்டே துரத்த வேண்டும் என்று. கொள்ளைக்காரன் கூச்சலன்று தோழர்களே, கவர்னர் ஒப்பமிட்ட அரசாணை! 1976இல்தான் அது முறைப்படி நீக்கப்பட்டது. துரத்தப்பட்டோர் இல்லினாய் மாநிலத்து நாவூ நகரிலே குடியேறினர். 1844இல் ஜோசப் ஸ்மித் குடியரசுத் தலைவர் பதவிக்கே போட்டியிட்டார். பொது நிலங்களை விற்ற பணத்திலே அடிமைகளுக்கு விடுதலை வாங்கித் தரவேண்டும் என்பது அவர் அறிக்கையிலே ஒரு திட்டம். அதைப் பற்றி வாதிட நேரம் கிடைக்கவில்லை. எதிர்ப்புப் பத்திரிகை ஒன்றின் அச்சகத்தை அழிக்கச் செய்த வழக்கிலே கார்த்தேஜ் நகரச் சிறையில் இருந்தவரை – அச்சகத்தை அழித்தது அடாத செயல், அதை நான் மறைக்க மாட்டேன் – ஜூன் 27ஆம் நாள் ஒரு கும்பல் புகுந்து சுட்டுக் கொன்றது. வேட்பாளர் பிணமானார், உடனிருந்த அண்ணன் ஹைரமும் பிணமானார். எஞ்சியோரில் பெரும்பகுதியினர் பிரிகாம் யங் தலைமையில் மேற்கே நடந்து, 1847இல் உப்பேரிப் பள்ளத்தாக்கை அடைந்தனர். அதுதான் பின்னாளிலே யூட்டா மாநிலம்.

இனி ஒரு நாடகக் காட்சி. நாடகம் எழுதுபவன் நான். இதைவிட நல்ல காட்சியை நான் எழுதியதில்லை!

1903இல் யூட்டா மாநிலம் ரீட் ஸ்மூட் என்பவரை மேலவைக்கு அனுப்பிற்று. மார்மன் சபையின் பன்னிரு அப்போஸ்தலரில் ஒருவர் அவர். ‘விடாதே உள்ளே!’ என்று நாடெங்கும் கூக்குரல். மார்மன்களிடையே பலதார மணம் இருந்தது. 1890இல் சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. அதன் பிறகே 1896இல் யூட்டா மாநிலமாயிற்று. அறிவிப்பு ஏட்டளவில்தானோ என்ற ஐயம் பலருக்கு. 1904இல் மேலவைக் குழு விசாரணையைத் தொடங்கிற்று. சபைத் தலைவர் ஜோசப் எப். ஸ்மித்தே வந்து சாட்சி சொன்னார். முன்பே மணந்த மனைவியரைத் தாம் கைவிடவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதிர்ந்தது அவை! ஆனால் கூண்டிலே இருந்த ஸ்மூட்டுக்கோ ஒரே மனைவி! சபையின் சடங்கு என்ன, சத்தியம் என்ன, இரகசியம் என்ன என்று ஆயிரமாயிரம் பக்கங்களுக்குக் கேள்விகள். 1907 பிப்ரவரியில் வாக்கெடுப்பு. நீக்குவதற்குப் போதிய வாக்கு இல்லை. ஸ்மூட் அமர்ந்தார், 1933 வரை அமர்ந்தேயிருந்தார்.

அமர்ந்து என்ன செய்தார்? அங்கேதான் இருக்கிறது கதை. 1930இல் வந்ததே ஸ்மூட்–ஹாலி சுங்கவரிச் சட்டம், அந்த ஸ்மூட் இவர்தான்! பொருளாதார அறிஞர் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வேண்டாம் வேண்டாம் என்று கையொப்பமிட்டு எழுதினர். ஹூவர் கேட்கவில்லை, ஒப்பமிட்டார். இறக்குமதிப் பண்டங்கள் மீது வரி உயர்ந்தது. கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் பதிலுக்கு வரி விதித்தன. மந்தத்தாலே முடங்கிக் கிடந்த உலக வாணிபம் மேலும் முடங்கிற்று. அவருடைய மஞ்சத்தை மூன்றாண்டு ஆராய்ந்தார்கள்; மஞ்சத்திலே ஒன்றுமில்லை. வரிப்புத்தகத்திலே இருந்தது வினை! 1932இல் யூட்டா வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்தார்கள். யாரை நிறுத்தி? எல்பர்ட் தாமஸ் என்ற ஜனநாயகக் கட்சிக்காரரை, அவரும் மார்மன்தான்! அப்போஸ்தலரை மார்மன் மக்களே வீட்டுக்கு அனுப்பினார்கள், வேதத்துக்காக அன்று, வயிற்றுக்காக.

அப்படியானால் மதத்தைப் பற்றிக் கேட்கவே கூடாதா என்பீர்கள். அமெரிக்க அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவு, பதவிக்கு மதச் சோதனை கூடாது என்கிறது. அது அரசுக்கு இட்ட விலங்கு. வாக்காளர் வாய்க்கு இட்ட பூட்டன்று. கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கருப்பின ஆடவருக்கு மார்மன் சபை குருத்துவம் தர மறுத்து வந்தது. 1978 ஜூன் வரை மறுத்தது. தேவதூதன் வந்தானா இல்லையா என்பது நம்பிக்கை. கருப்பனே தள்ளி நில் என்பது நடத்தை. இந்த நடத்தையின் நடுவே வளர்ந்தவர் பதவி கேட்டு வரும்போது, ‘நீ என்ன செய்தாய்?’ என்று கேட்பது வாக்காளரின் உரிமை, கடமை!

மிட் ராம்னியின் தந்தை ஜார்ஜ் ராம்னி, மிச்சிகன் கவர்னர். அவரைக் கேட்டுப் பார்ப்போம். 1963இல் கருப்பர்களோடு சேர்ந்து டெட்ராயிட்டின் புறநகரிலே ஊர்வலம் போனார். 1964இல் சபையின் அப்போஸ்தலர் ஒருவரே, சமவுரிமைக்கு இவ்வளவு ஆதரவு வேண்டாம் என்று அவருக்குக் கடிதம் எழுதினார். ராம்னி பின்வாங்கவில்லை. அதே ஆண்டு, சமவுரிமைச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த கோல்ட்வாட்டரைத் தம் கட்சியே வேட்பாளராக நிறுத்தியும் ஆதரிக்க மறுத்தார். அதே சபையிலே இன்னொருவர் எஸ்ரா டாப்ட் பென்சன். ஐசனோவரின் வேளாண்மை அமைச்சர், அப்போஸ்தலர், பின்னாளில் சபைத் தலைவர். அவரோ சமவுரிமை இயக்கம் கம்யூனிஸ்டுகளின் கருவி என்று முழங்கினார்! ஒரே வேதம், ஒரே ஞாயிற்றுக்கிழமை, ஒரே பெஞ்சு. வேதத்தைப் படித்து இவர்களில் எவரைக் கண்டுபிடித்திருப்பீர்கள்?

கென்னடி கதை உங்களுக்குத் தெரியும். கத்தோலிக்கர் என்பதற்காக, 1960 செப்டம்பரிலே ஹூஸ்டன் நகரப் பாதிரிமார் முன் நின்று, என் சபைக்காக நான் பேசவில்லை, சபையும் எனக்காகப் பேசவில்லை என்ற கருத்தை எடுத்துரைத்தார், வென்றார். 34 ஆண்டு கழித்து, அவருடைய தம்பி டெட் கென்னடியை எதிர்த்து மாசாசூசெட்சில் நின்றார் மிட் ராம்னி. அப்போது மார்மன் சபையைச் சாடிப் பேசி, பிறகு வருத்தம் தெரிவித்தவர் யார் தெரியுமா? கென்னடியின் அண்ணன் தம்பி மகன், ஜோசப் கென்னடி! கல்லடிபட்ட வீட்டுக்குள்ளிருந்தே கல் வந்தது. நம் கையிலும் கல் உண்டு, தோழர்களே; தேர்தலுக்குத் தேர்தல் அது கனக்கிறது.

கூட்டுறவுக் குற்றச்சாட்டு மட்டும் குறைவா? 2008இல் ஒபாமாவைப் பாருங்கள். அவருடைய பாதிரியார் ஜெரமையா ரைட் பேசிய பேச்சுக்கு ஒபாமா பதில் சொல்ல வேண்டியதாயிற்று. மார்ச் 18ஆம் நாள் பிலடெல்பியாவில் நீண்ட உரை நிகழ்த்தினார்; இரண்டு திங்களில் அந்தச் சபையை விட்டே வெளியேறினார். இருபதாண்டு கேட்ட உபதேசம். கேள்வி கேட்டது சரிதான் என்பேன். ஆனால், அவர் மறைவாக முஸ்லிம் என்று கிசுகிசுத்தார்களே, அது என்ன? குடியரசுக் கட்சிக்காரரான காலின் பவல்தான் அக்டோபரிலே தொலைக்காட்சியில் நெற்றியடியாகக் கேட்டார்: அவர் கிறித்தவர், சரி, முஸ்லிமாகவே இருந்தால்தான் என்ன தவறு என்று. ஒபாமாவின் கட்சியாரில் பலர் ‘இல்லை, இல்லை’ என்று மறுத்ததோடு நின்றிருந்தனர்.

2012க்கு வருவோம். ராம்னியின் உள்ளாடையைப் பற்றிக்கூடச் சிரித்தார்கள். கேட்க வேறு ஒன்றும் இல்லையா? 2006இல் மாசாசூசெட்ஸ் கவர்னராக அனைவருக்கும் மருத்துவக் காப்புச் சட்டம் கொண்டுவந்தவர், அதே சாயலில் ஒபாமா கொண்டுவந்த 2010ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒழிப்பேன் என்றாரே, ஏன்? 2010இல் இரண்டு கோடி டாலருக்கு மேல் வருவாய். வரியோ நூற்றுக்கு 14 அளவில்! எப்படி? நாட்டு மக்களில் நூற்றுக்கு 47 பேர் அரசை நம்பிக் கிடப்பவர்கள், தமக்கு வாக்களிக்க மாட்டார்கள் என்று பணக்காரர் விருந்திலே பேசிய பேச்சு செப்டம்பரிலே அம்பலமாயிற்றே, அதற்குப் பொற்றகடா பொறுப்பு? அவரை வரி விஷயத்திலே கடுமையாகத் தாக்கியவர் மேலவையின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஹாரி ரீட். அவரும் மார்மன்! பத்தாண்டு வரியே கட்டவில்லை என்று ஆதாரம் காட்டாமல் சொன்னார்; அது முறையன்று. ஆனால் சண்டை வரியைப் பற்றி நடந்தது. நவம்பரிலே ஒபாமாவுக்கு 332 தேர்வாளர், ராம்னிக்கு 206.

பின்னர் ராம்னி யூட்டாவிலிருந்து மேலவைக்கு வந்தார். 2020 பிப்ரவரி 5ஆம் நாள் குடியரசுத் தலைவர் டிரம்ப் மீதான விசாரணையில் எழுந்து, தாம் சமயப்பற்று மிக்கவர், கடவுளின் முன் உறுதிமொழி எடுத்தவர் என்று தழுதழுத்த குரலில் கூறி, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய குற்றச்சாட்டில் ‘குற்றவாளி’ என்று வாக்களித்தார். தம் கட்சிக் குடியரசுத் தலைவரை நீக்க வாக்களித்த முதல் மேலவை உறுப்பினர் அவர். குற்றவாளி என்றோர் 48, இல்லை என்றோர் 52. மறுநாள் காலை, வாஷிங்டனில் பிரார்த்தனை விருந்து. தவறு செய்துவிட்டுச் சமயத்தைக் காரணம் காட்டுவோரைத் தமக்குப் பிடிக்காது என்று அங்கே சொன்னார் டிரம்ப்.

யூட்டாவுக்கு மேலவையிலே இரண்டு இடம். இன்னொருவர் மைக் லீ; அதே மாநிலம், அதே கட்சி, அதே மார்மன் சபை. அவர் ‘குற்றவாளி அல்லர்’ என்று வாக்களித்தார்.