கற்சரிவும் கவிஞன் கண்ணும்

(மன்றத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



‘இயற்கையும் கவிதையும்’ என்பது எனக்குத் தரப்பட்ட தலைப்பு. தலைப்போ பெரிது, நேரமோ சிறிது. ஆதலின் ஓர் ஏரியையும் அதன் ஒரு கரையையும் மட்டும் எடுத்துக்கொண்டு, அவ்வழியே நம் அனைவர்க்கும் பொதுவான ஒரு வினாவை அடைய முயல்கிறேன்.

இங்கிலாந்தின் வடமேற்கே, ஏரி மாவட்டம் என வழங்கும் மலைநாட்டில், வாஸ்ட்வாட்டர் என்றோர் ஏரி உண்டு. நீளம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அகலம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. ஆழமோ 70 மீட்டருக்கும் மிகுதி. இங்கிலாந்தின் ஏரிகளுள் இதுவே மிக ஆழமானது. இதன் தென்கிழக்குக் கரையில் மரமில்லை, ஊரில்லை, வயலில்லை. 609 மீட்டர் உயர்ந்த இல்கில் ஹெட் என்னும் மலையின் முகத்திலிருந்து, உடைந்த கற்கள் விசிறி விசிறியாய் இறங்கி நேரே நீருக்குள் புகுகின்றன. புகுந்த பின்னும் நில்லாமல், நீரின் அடியிலும் அச்சரிவு தொடர்கிறது. நாம் காண்பது பாதி. நீர் மறைத்தது மீதி. இக்கற்சரிவை அந்நாட்டார் ‘ஸ்கிரீஸ்’ என்பர். நிலச்சரிவைக் குறித்த பழைய நார்ஸ் மொழிச் சொல்லின் வழியில் வந்த பெயர் அது.

நான் அந்த ஏரியை நேரில் கண்டவள் அல்லள். நூல்களாலும் நிலப்படங்களாலும் அறிந்தவள். நான் கூற வரும் கருத்துக்கு இதுவும் பொருந்தும் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

அக்கற்கள் எங்ஙனம் வந்தன? ஏறத்தாழ 45 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகள் கக்கிய பாறை அது. பிற்காலத்தில் பனியாறுகள் அப்பள்ளத்தாக்கை அரித்து ஆழமாக்கி, மலையின் பக்கத்தைச் செங்குத்தாக்கிச் சென்றன. பனி விலகிய பின் பாறையின் வெடிப்புகளில் நீர் இறங்கியது, இரவில் உறைந்தது. உறையும் நீர் தன் பருமனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு பெருக்கும். அப்பெருக்கம் பாறையைப் பிளக்க, கல் விழுந்தது. பெருங்கல் விசை மிகுந்து அடிவாரம்வரை உருளும்; சிறுகல் இடையிலேயே தங்கும். ஆகவே மேலே பொடியும் கீழே பாறைத் துண்டமுமாய் ஓர் ஒழுங்கு தானே அமைந்தது. அங்ஙனம் குவிந்த சரிவு 35 பாகை அளவில் ஒரு கோணத்தில் நிற்கும். அதற்கு மேல் ஒரு கல் விழுந்தாலும் சில கற்கள் நழுவிப் பழைய கோணமே திரும்பும்.

இங்கே கவிஞர்கள் கருத வேண்டியது ஒன்றுண்டு. மலை என்றால் அசையாமை, நிலைபேறு என்று எழுதிப் பழகியவர்கள் நாம். இந்தச் சரிவோ, நழுவுவதற்கும் நிற்பதற்கும் இடைப்பட்ட எல்லையில் இருக்கிறது. இதன் அமைதி, ஒவ்வொரு கல்லும் மற்றொன்றைத் தாங்குவதால் வந்த அமைதி. மலையைக் கண்டவுடன் ‘அசையாத’ என்னும் அடைமொழி கைக்கு வருமாயின், அதைத் தந்தது நம் கண்ணன்று, நம் பழக்கமே.

1802ஆம் ஆண்டு ஆகஸ்ட்டுத் திங்களில் இவ்வழியே ஒரு கவிஞர் தனியே நடந்து வந்தார். சாமுவேல் டெய்லர் கோல்ரிட்ஜ் அவர். அப்போது வயது 29. தன் கற்பனை ஆற்றல் வற்றிவிட்டதென்று அவ்வாண்டு ஏப்ரலில்தான் கவிதையாய்ப் புலம்பியிருந்தார். இப்போதோ ஒன்பது நாள் மலைநடை. ஸ்கேஃபெல் மலையேறி அதன் உச்சியிலிருந்தே கடிதம் எழுதினார். அந்நடையைக் குறித்த எழுத்துகளில் இந்தக் கற்சரிவும் இடம்பெறுகிறது. கல்லின் நிறத்தினூடே ஓடும் செந்நிறக் கோடுகளை அவர் குறிக்கிறார். விரித்த விசிறியை உவமை சொல்கிறார். எல்லாவற்றினும் மேலாக, ஆலையின் வாயிலிருந்து புதிதாய் அரைபட்டு விழுந்த மாவின் குவியலைப் போன்ற சரிவு என்கிறார்.

இவ்வுவமையின் செம்மையைப் பாருங்கள். மாவு குவிவதும் மலைக்கல் குவிவதும் ஒரே விதியால். நம் களத்து நெற்பொலி நிற்பதும் அவ்விதியால்தான். பின்னாளில் அறிவியலார் கோணம் வைத்து அளந்ததைக் கவிஞர் வீட்டு மாவைக் கொண்டு சொல்லிவிட்டார். அவர் உவமையைத் தேடிப் போகவில்லை. கண்டதைக் கண்டபடி சொல்ல முயன்றார். உவமை தானே வந்து சேர்ந்தது.

ஆனால் அந்த மாவுக் குவியல் கவிதை ஆகவில்லை. அதே நடையில் தம் உள்ளத்தில் ஒரு துதிப்பாடல் பெருகியதென்றும், அதன் கருத்துகளுக்கு இந்நாட்டு எளிய மலைகள் ஈடாகாவென்று பின்னர்த் தோன்றியதென்றும் ஒரு நண்பர்க்கு அவர் எழுதினார். செப்டம்பரில் பாடல் இதழில் வெளிவந்தது. பாடப்பட்டதோ தாம் ஒருநாளும் கண்டிராத ஆல்ப்ஸ் மலைச் சாமொனிப் பள்ளத்தாக்கு! ஜெர்மன் மொழியில் பாடிய பிரீடரிக்கே புருன் என்னும் பெண்பாற் கவிஞரின் பாடலிலிருந்து அதில் கொண்டவை பல. அவர் பெயரோ சொல்லப்படவில்லை. 1834இல் டி குயின்சி இதனை வெளிப்படுத்தினார்.

கோல்ரிட்ஜைக் குறைகூற இதனைச் சொல்லவில்லை. காணாததைப் பாடக் கூடாதென்பதும் என் கருத்தன்று. காணாத நிலத்தைத் திணை மரபின் துணையால் பாடிய புலவர்களும் இருந்திருப்பர். அதனால் கவிதைக்கு இழுக்கில்லை. என் வினா வேறு. தன் காலடியில் கிடந்த கல் தன் உணர்வுக்கு ஈடாகாதென்று ஒரு பெருங்கவிஞர் எண்ணியது ஏன்? உயர்ந்த உணர்வுக்கு உயர்ந்த மலைதான் வேண்டுமென்ற எண்ணமன்றோ அது? அந்த எண்ணம் நம்மிடையே இல்லையா? நம் ஊர்க் கரட்டை விட்டு இமயத்தைப் பாடுகிறோம். வாய்க்காலை விட்டுக் கங்கையைப் பாடுகிறோம். மரபு இதற்குக் காரணமன்று. ‘பரல்’ என்னும் சிறு சொல்லால், பாலை வழியில் நடப்போர் காலை வருத்தும் கல்லை நம் சங்கச் சான்றோர் பாட்டில் வைத்தனர். கல் சிறிதாயிற்றே என்று அவர்கள் தயங்கவில்லை.

அத்துதிப்பாடலைப் படிக்கும்போது அதன் ஓசை என் செவியில் நிற்கிறது. மலை என் கண்ணில் நிற்கவில்லை. மாவுக் குவியல் என்ற ஒரு தொடரோ, நான் காணாத கரையை எனக்குக் காட்டிவிட்டது. இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட காலத்தையும் கடலையும் அது கடந்து வந்திருக்கிறது.

எனவே மன்றத்தின் இளங்கவிஞர்களை நான் வேண்டுவது ஒன்றே. உங்கள் குறிப்பேட்டில் எழுதி, ‘இது கவிதைக்கு ஆகாது’ என்று ஒதுக்கிய வரிகளை மீண்டும் எடுத்துப் பாருங்கள். அரங்கேற்றிய பாடலினும் உயிருள்ள வரி அங்கே கிடக்கக் கூடும். அடுத்த கூட்டங்களில் அவ்வரிகளையும் இங்கே படியுங்கள்; கேட்கக் காத்திருக்கிறேன்.