தீவு தேய்வதை வானிலிருந்து அளக்கலாம்

(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் ஆற்றிய உரை)



முத்துக்குளிப்பைக் கண்ணால் பார்த்த பெரியவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தூத்துக்குடியில் கடைசிக் குளிப்பு 1961இல் நடந்தது. குளிப்பை அறிவிக்கும் முன் அதிகாரிகள் படகில் போய்ப் பாரைச் சோதிப்பார்கள். சிப்பியை எடுத்துப் பார்த்து, முற்றாமல் இருந்தால் விட்டுவிட்டு, பிறகு மறுபடியும் அதே பாருக்குப் போவார்கள். ஒருமுறை பார்த்ததை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை.

இன்று நான் சொல்ல வந்ததும் அப்படி ஒரு சோதனையைப் பற்றித்தான். இங்கே சோதிக்கப்படுவது சிப்பி அல்ல, நம் கரைக்கு முன்னால் கிடக்கும் தீவுகள்.

தூத்துக்குடி முதல் ராமேசுவரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவற்றில் நம் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் நீருக்குள் போய்விட்டன. நமக்கு வடக்கே இருக்கும் காரியாச்சல்லி 1969இல் 20.85 ஹெக்டேர், அதாவது 51 ஏக்கருக்கு மேல். 2018இல் 5.97 ஹெக்டேர். 15 ஏக்கர்கூட இல்லை.

இதை எப்படி அளக்கிறார்கள்? பழைய காலத்துக்கு நில அளவை வரைபடங்கள் இருக்கின்றன. 1972 முதல் அமெரிக்காவின் லேண்ட்சாட் விண்கோள்கள் பூமியைப் படமெடுத்து வருகின்றன. இப்போது ஒரு லேண்ட்சாட் 16 நாளுக்கு ஒருமுறை அதே இடத்துக்கு மேலே வருகிறது. ஐரோப்பாவின் சென்டினல்-2 கோள்கள் 5 நாளுக்கு ஒருமுறை வருகின்றன. அகச்சிவப்பு ஒளியில் எடுத்த படத்தில் தண்ணீர் கறுப்பாகவும் மணல் வெளுப்பாகவும் தெரியும். அந்த எல்லையை வரைந்து, பழைய எல்லையின் மேல் வைத்துப் பார்த்தால் கடல் எவ்வளவு தின்றது என்பது தெரிந்துவிடும்.

ஆனால் இதில் ஏமாந்துபோகவும் வழி உண்டு. கடல் வற்றியிருக்கும்போது எடுத்த படத்தில் தீவு பெரிதாகத் தெரியும். ஏறியிருக்கும்போது சிறிதாகத் தெரியும். தென்மேற்குக் காற்று மணலை ஒரு பக்கம் தள்ளும், வாடைக்காற்று மறுபக்கம் தள்ளும். ஆகவே அதே மாதத்துப் படத்தை, அதே நீர்மட்டத்தில் எடுத்ததாகப் பார்த்து ஒப்பிட வேண்டும். துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர் போன்ற நகராத ஒன்றை வைத்து இரண்டு படங்களையும் பொருத்திக்கொள்ள வேண்டும். லேண்ட்சாட் படத்தில் ஒரு புள்ளி என்பது 30 மீட்டர். 10 மீட்டர் கரை போயிற்று என்று அந்தப் படத்தை வைத்து மட்டும் அடித்துச் சொல்ல முடியாது.

மலையையும் இப்படித்தான் அளக்கிறார்கள். 2024 ஜூலை 30 அன்று வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவும் நாசாவும் சேர்ந்து செய்த நிசார் விண்கோள் ஏவப்பட்டது. அதன் ரேடாருக்கு மேகமும் இரவும் தடையல்ல. 12 நாளுக்கு ஒருமுறை அதே இடத்தைப் பார்த்து, சில சென்டிமீட்டர் அசைவையும் கண்டுபிடிக்கும். பெருமழையில் ஒரே இரவில் உடைந்து பாய்வதை அது தடுக்காது. ஆனால் மெல்ல நகரும் சரிவு எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே காட்டும்.

நம் தீவுகள் ஏன் தேய்ந்தன? அலையைத் தாங்கிய பவளப் பாறையை மனிதன் வெட்டி எடுத்தது பெரிய காரணம். சுண்ணாம்புக்காகவும் கட்டடக் கல்லுக்காகவும் வெட்டினார்கள். இந்தக் கரையோரத்துப் பழைய வீடுகளின் சுவரைச் சுரண்டிப் பார்த்தால் அந்தக் கல் இன்றும் தெரியும். யாரோ செய்த தவறு என்று நாம் கையைக் கழுவ முடியாது. 2001இல்தான் பவளத்துக்கு வனவிலங்குச் சட்டத்தின் முழுப் பாதுகாப்பு கிடைத்தது.

வழி அடைந்துவிடவில்லை. வான் தீவு தேய்ந்து இரண்டாகப் பிளந்த நிலையில், அதன் கடற்பக்கத்தில் கான்கிரீட்டால் செய்த செயற்கைப் பாறைகளை 2015 முதல் இறக்கினார்கள். அதன்பின் மணல் மீண்டும் சேரத் தொடங்கியது. தொடர்ந்து அளந்ததால்தான் ஆபத்தும் தெரிந்தது, மருந்து வேலை செய்ததும் தெரிந்தது.

உங்களிடம் கேட்பது இரண்டுதான். கரையோரம் மனை வாங்குகிறவர்கள் இன்றைய கரையை மட்டும் பார்க்காதீர்கள். 20 வருடத்துக்கு முன் கரை எங்கே இருந்தது என்று கேளுங்கள். மாணவர்களே, இந்தப் படங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. நான்கைந்து பேர் சேர்ந்து, வருடந்தோறும் அதே மாதத்தில், ஒரே ஒரு தீவை அளந்து குறித்து வையுங்கள். பத்து வருடம் கழித்து அந்த நோட்டுப் புத்தகம் இந்த ஊருக்குப் பயன்படும், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.