வீட்டுக் கணக்கும் வரலாறும்: கேட்கத் தகுந்த சில வலையொலிகள்

(ஊர்ப்புற நூலகம் ஒன்றில் மகளிர் சுயஉதவிக் குழுவினர்க்கும் இளைஞர்க்கும் ஆற்றிய உரை)



வலையொலி என்று தமிழிலும் பாட்காஸ்ட் என்று எங்கும் வழங்கப்பெறும் ஒலி நிகழ்ச்சிகளுள், குடும்பப் பணத்தைப் பற்றியும் வரலாற்றைப் பற்றியும் கேட்கத் தகுந்தவை எவை என்று எடுத்துரைக்குமாறு நம்மைக் கேட்டிருக்கிறீர்கள். வலையொலி என்பது வானொலியின் தம்பி. பெயர் பிறந்தது 2004 ஆம் ஆண்டில். வானொலி தனக்கு ஏற்ற நேரத்தில் பேசும். வலையொலியோ நமக்கு ஏற்ற நேரத்தில் பேசும். கைப்பேசியில் ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டால், பூத்தொடுக்கும்போதும் மாட்டைக் குளிப்பாட்டும்போதும் கேட்கலாம்; விளங்காத இடத்தில் நிறுத்தி மறுபடியும் கேட்கலாம்.

காதால் கேட்டு வாழ்க்கையைத் திருத்திக் கொள்வது நம் கிராமங்களுக்குப் புதிதன்று. 1956 ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி, யுனெஸ்கோ நிறுவனத்தின் துணையுடன், பழைய பம்பாய் மாநிலத்தின் 150 கிராமங்களில் வானொலி மன்றங்களை அமைத்தது. ஊரார் கூடி நிகழ்ச்சியைக் கேட்பர். கேட்டபின் தம்முள் விவாதிப்பர். ஐயங்களை நிலையத்துக்கு எழுதி அனுப்புவர். நம் தஞ்சை மாவட்டத்தில் 1960களில் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லுக்கு உழவர்கள் 'ரேடியோ நெல்' என்றே பெயரிட்டு விட்டனர். திருச்சி வானொலி அதன் புகழை அத்துணை எடுத்துச் சொல்லிற்று.

ஆனால் நெல்லுக்கும் பணத்துக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அதனை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ரேடியோ நெல்லை விதைத்தவர் ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் களத்துமேட்டில் நின்று, சொன்னவர் மெய் சொன்னாரா, பொய் சொன்னாரா என்று அளந்து பார்த்துவிட முடிந்தது. பணத்தை இங்கே போடு, அங்கே போடு என்று கூறும் அறிவுரையின் விளைச்சல் பத்து ஆண்டு கழித்தே தெரியும். அதற்குள் கூறியவர் வேறு தொழிலுக்குப் போயிருப்பார். ஆகையால் பணத்தைப் பற்றிய நிகழ்ச்சியைக் கேட்பவர், வரலாற்றைப் பற்றிய நிகழ்ச்சியையும் உடன் கேட்பது நல்லது என்பது நம் கருத்து. பத்து ஆண்டு, நூறு ஆண்டு கழித்து என்ன விளைந்தது என்பதை வரலாறு ஒன்றே அளந்து வைத்திருக்கின்றது.

இரண்டையும் ஒன்றாய்ப் பிணைத்துச் சொல்வதில் வல்லவர் டிம் ஹார்ஃபோர்டு என்னும் ஆங்கிலப் பொருளியல் எழுத்தாளர். பி.பி.சி. உலக சேவையில் 2016 ஆம் ஆண்டு இவர் தொடங்கிய தொடர், இக்காலப் பொருளாதாரத்தை உருவாக்கிய ஐம்பது பொருள்களைப் பற்றியது. ஒவ்வொரு பகுதியும் பத்து நிமிட அளவே. கலப்பை, முள்கம்பி, காகிதம், கடிகாரம், சரக்குப் பெட்டகம், கென்யா நாட்டில் கைப்பேசி வழியே பணம் அனுப்பும் முறை என்று நாம் கண்ணால் காணும் பொருள்களே பெரும்பாலும் வருகின்றன.

அவற்றுள் கணக்குக் குச்சியைப் பற்றிய பகுதியை எல்லாக் குழுவினரும் கேட்க வேண்டும். இடைக்கால இங்கிலாந்தில் ஒருவர் மற்றவர்க்குக் கொடுக்க வேண்டிய தொகையை அலரி மரக் குச்சியில் வெட்டுகளாகச் செதுக்கினர். பின்னர்க் குச்சியை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தனர். கடன் கொடுத்தவரிடம் ஒரு பாதி, வாங்கியவரிடம் ஒரு பாதி. ஒருவர் தம் பாதியில் மட்டும் ஒரு வெட்டைக் கூட்டினால் மற்றப் பாதியோடு அது பொருந்தாது. வேறொரு குச்சியைக் கொண்டுவந்தாலோ மரத்தின் இழையோட்டம் பொருந்தாது. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஏமாறாமலிருக்க இதனினும் எளிய வழி வேறென்ன வேண்டும்? பயனற்றுப் போன அக்குச்சிகளை 1834 ஆம் ஆண்டு லண்டன் பாராளுமன்றக் கட்டடத்தின் உலைகளில் இட்டு எரித்தபோது, தீ மிஞ்சிக் கட்டடத்தின் பெரும்பகுதியே வெந்து போயிற்று என்பது அக்கதையின் வேடிக்கையான முடிவு.

நம் வீடுகளில் பால்காரர் கணக்கைச் சுவரில் கரிக்கோடாக இழுத்து வைத்த வழக்கமும் இதற்கு உறவினதே. ஆனால் சுவர் ஒரு பக்கத்துச் சான்று. குச்சி இரு பக்கத்துச் சான்று. குழுவின் பேரேட்டில் எழுதியதை உறுப்பினரின் கைப்புத்தகத்திலும் அன்றே எழுத வேண்டும் என்று அலுவலர்கள் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. கைப்புத்தகங்களை எல்லாம் எழுத்தரின் பெட்டியிலேயே விட்டு வைக்கும் குழு, பிளந்த குச்சியின் இரு பாதியையும் ஒருவரிடமே கொடுத்து வைத்ததற்கு ஒப்பாகும்.

அடுத்து, அமெரிக்காவின் பொது வானொலியினர் நடத்தும் பிளானட் மணி. இது பிறந்த வரலாறே கேட்கத்தக்கது. 2008 ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்நாட்டு வானொலியில் ஒரு மணி நேர நிகழ்ச்சி ஒன்று ஒலிபரப்பாயிற்று. பெரும் பணக்குளம் என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். வீட்டுக் கடன்கள் மூழ்கி அமெரிக்கா தத்தளித்த சமயம் அது. நிலையற்ற சில வேலைகளால் ஆண்டுக்கு ஏறத்தாழ 45,000 டாலர் ஈட்டிய ஒருவர்க்கு 5,40,000 டாலர் கடன் கிடைத்த கதை அதில் வருகின்றது. அவருடைய வருவாயை எவரும் விசாரிக்கவில்லை. தாமாக இருந்தால் தமக்குக் கடன் கொடுத்திருக்க மாட்டோம் என்று அவரே வியந்து கூறுகின்றார்.

கொடுத்தவர் ஏன் விசாரிக்கவில்லை? கடன் பத்திரத்தை அவர் அடுத்தவர்க்கு விற்றுவிட்டார். அடுத்தவர் நூற்றுக்கணக்கான பத்திரங்களை ஒன்றாய்க் கட்டி வேறொருவர்க்கு விற்றார். பணம் திரும்பி வருமா என்ற கவலை முதலில் கொடுத்தவரிடம் இல்லாமற் போயிற்று. நம் ஊர்ப் பெண்களின் கைப்பேசிக்கு, ஐந்து நிமிடத்தில் கடன் என்று வருகின்ற செய்திகளை இக்கதையோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். திருப்பிச் செலுத்த முடியுமா என்று நம்மைக் கேட்காமல் கடன் கொடுப்பவரைக் கண்டால் மகிழ வேண்டியதில்லை, அஞ்ச வேண்டும். அந்த நிகழ்ச்சியின் வரவேற்பினால் அவ்வாண்டிலேயே பிளானட் மணி தோன்றிற்று. அதன் பகுதிகள் எல்லாம் அத்துணைச் சிறந்தவை அல்ல. சில வெறும் விளையாட்டு. தேர்ந்தெடுத்துக் கேட்கலாம்.

ராம்சி ஷோ என்பதையும் இளைஞர் பலர் கேட்கின்றனர். டேவ் ராம்சி என்பவர் 1992 முதல் அமெரிக்க வானொலியில் நடத்திவரும் நிகழ்ச்சி. கடனில் சிக்கியவர்கள் தொலைபேசியில் அழைத்துத் தம் கணக்கைச் சொல்வார்கள். அவர் வழி கூறுவார். கடனை வெறுக்கக் கற்பிப்பதில் அவருக்கு நிகர் குறைவு. ஆயினும் அவருடைய முறையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரலாகாது. வட்டி எவ்வளவாயினும் சிறிய கடனை முதலில் அடை, அதன் உற்சாகத்தில் அடுத்ததை அடை என்பது அவர் கொள்கை. நம் ஊர்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மளிகைக் கடைப் பாக்கி 8,000 ரூபாய், வட்டியில்லை. நகைக்கடன் 60,000 ரூபாய், நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி. தனியாரிடம் 40,000 ரூபாய், ஐந்து வட்டி. ஐந்து வட்டி என்பது கேட்பதற்குச் சிறிய எண்ணாகத் தோன்றும். ஆண்டுக்கு அது 60 சதவீதம். மாதம் 2,000 ரூபாய். ஆண்டுக்கு 24,000 ரூபாய் கொடுத்த பின்னரும் முதல் 40,000 அசையாமல் நிற்கும். இதே தொகையை ஒரு ரூபாய் வட்டிக்கு மாற்றினால் மாதம் 400 ரூபாயே ஆகும். ஆகவே இக்குடும்பம் கடைக்காரரிடம் தவணை கேட்டுக்கொண்டு, ஐந்து வட்டியை முதலில் ஒழிக்க வேண்டும். குழுக் கடன் வாங்கியேனும் ஒழிக்க வேண்டும். இத்தகைய வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003 ஆம் ஆண்டிலிருந்து தனிச் சட்டமே உள்ளது. மேலும், அவர் கூறும் ஓய்வுக்காலக் கணக்குகளும் வரிச் சலுகைகளும் அந்நாட்டுச் சட்டப்படி அமைந்தவை, இங்கே செல்லா.

இந்திய நிலைமையைப் பேசுவது அனுபம் குப்தா நடத்திய பைசா வைசா. பரஸ்பர நிதி, காப்பீடு முதலியவற்றின் சொற்களை அறிந்துகொள்ள உதவும். மாதச் சம்பளக்காரரை மனத்திற் கொண்டே பெரும்பாலும் பேசுவதால், அறுவடைக்கு அறுவடை வருவாய் காண்பவர் தம் நிலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.

இனி வரலாறு. பி.பி.சி.யின் இன் அவர் டைம் நிகழ்ச்சியை 1998 முதல் 2025 வரை மெல்வின் பிராக் நடத்தினார். மூன்று பேராசிரியர்களை அமர்த்தி, ஒரே பொருளைப் பற்றி முக்கால் மணி நேரம் வினவுவார். அதில் தென்கடல் கம்பெனியைப் பற்றிய பகுதியைக் கேளுங்கள். 1720 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 130 பவுனுக்கும் குறைவாய் விற்ற அதன் பங்கு, கோடையில் 1,000 பவுன் அளவுக்கு ஏறி, ஆண்டு முடிவதற்குள் 200 பவுனுக்கும் கீழே வீழ்ந்தது. அமைச்சர்களும் அதில் இருந்தார்கள். பெரிய மனிதர் இருக்கின்றாரே என்று நம்பியே சிறிய மனிதர் பணத்தைக் கொட்டினர்.

அது லண்டன் கதை என்று ஒதுக்க வேண்டா. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் மூடிக்கொண்டபோது, அதன் பெயரின் கனத்தை நம்பியிருந்தோரின் சேமிப்பெல்லாம் சிக்கிக்கொண்டது. அதன் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைத் தண்டனை பெற்றார். அந்த வீழ்ச்சியின் பின்னரே, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907 இல் இந்தியன் வங்கி தோன்றிற்று. பெயரைப் பார்த்துப் பணம் போடும் வழக்கம் அதனால் நின்றுவிட்டதா என்றால், இல்லை. 1997 இல் தமிழ்நாட்டில் வைப்பீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், 2019 இல் நாடு முழுவதற்கும் முறைப்படுத்தப்படாத வைப்புத்திட்டத் தடைச் சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வங்கி வைப்புகளுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை காப்பீடு 2020 இலிருந்து உண்டு. ஆனால் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் வைக்கும் பணத்துக்கு அந்தக் காப்பீடு இல்லை. சங்கம் கெட்டது என்பது இதன் பொருளன்று. எது எங்கே காக்கப்படுகின்றது என்பதை அறிந்து வைக்க வேண்டும் என்பதே. சீட்டுப் போடுவோரும், 1982 ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்ற சீட்டா என்று கேட்டே சேர வேண்டும்.

ரோமாபுரியின் முழு வரலாற்றையும் மைக் டங்கன் 2007 முதல் 2012 வரை சொல்லி முடித்தார். பொறுமை உடையவர்க்கு அது பெருவிருந்து. கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றி வில்லியம் டால்ரிம்பிளும் அனிதா ஆனந்தும் எம்பயர் என்ற தொடரை 2022 இல் தொடங்கினர். தமிழில் தீபிகா அருண் வாசிக்கும் கதை ஓசையில் பொன்னியின் செல்வனைக் கேட்டு மகிழலாம்; ஆயினும் அது புதினம், சோழர் வரலாற்றுக்குக் கல்வெட்டைத்தான் நாட வேண்டும்.

விளம்பரம் பற்றியும் ஒரு சொல். வலையொலியில் பேசுகின்றவரே தம் சொந்தக் குரலில் விளம்பரத்தையும் படித்துவிடுகின்றார். அறிவுரை எங்கே முடிந்தது, விற்பனை எங்கே தொடங்கியது என்பது காதுக்குத் தெரிவதில்லை. இன்ன பங்கை வாங்கு என்று ஒருவர் கூறினால், அவர் செபி அமைப்பில் பதிவு பெற்ற ஆலோசகரா என்று பார்க்க வேண்டும். பதிவு எண் சொல்லாதவரின் சிரிப்பைக் கேட்டு இன்புறலாம். அவர் சொற்படி பணத்தைப் போட வேண்டா.

இவற்றுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன என்பதை மறக்கவில்லை. அதற்குப் பழைய வானொலி மன்றத்தின் முறையே போதும். கல்லூரி செல்லும் பெண்ணோ பையனோ முன்கூட்டிக் கேட்டு வரட்டும். குழுக் கூடும் நாளில், வரவு செலவு முடிந்தபின் பத்து நிமிடம் தமிழில் சொல்லட்டும். மற்றவர் கேள்வி கேட்கட்டும். விடை தெரியாத கேள்வியைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதி, வங்கிக் கிளைக்கு அடுத்த முறை செல்பவர் கேட்டு வரலாம்.

நூலகர் அவர்கள் கணக்குக் குச்சிப் பகுதியை இறக்கி, ஒலிபெருக்கியோடு இணைத்து வைத்திருக்கின்றார்கள். இப்போது அதனை ஓடவிடப் போகின்றோம். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை நிறுத்தித் தமிழில் எடுத்துரைப்போம். கைப்புத்தகம் கொண்டு வந்திருக்கும் உறுப்பினர்கள், அது முடிந்ததும் பேரேட்டோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம். செயலாளர் இரண்டு பேரேடுகளையும் எடுத்து வந்திருக்கின்றார்.